நீலம் பூசிய வளைகுடா

திரையில் கடல் நீலமாக இருந்தது. வடக்கு முனையில், அணு உலை நிற்கும் இடத்தில் மட்டும் ஒரு சிவப்புக் கறை. அது கரையை விட்டு விலகி நடுக்கடலை நோக்கி நீண்டு, போகப் போக ஆரஞ்சாகி, மஞ்சளாகி, கடைசியில் நீலத்தில் கரைந்தது. உலைக்குத் தெற்கே துறைமுகம், அதற்கும் தெற்கே வளைகுடா. இரண்டும் நல்ல நீலம்.

"பார்த்தீங்களா? கரைக்கு ஒரு ஆபத்தும் இல்ல. கடல் நம்ம பக்கம் இருக்கு" என்றார் கடல் ஆய்வு நிலையத்தின் இயக்குநர். சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம் என்பது அவர் குரலிலேயே தெரிந்தது.

"கடலுக்கு எந்தப் பக்கமும் கிடையாது சார். அதுக்கு நாலா பக்கமும் வேலை" என்றான் ரேடியோ.

வாய் ஓயாததால் வந்த பெயர் அது. பல வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவன். பின்னால் நோயாளி முனகிக்கொண்டிருந்தாலும் முன்னால் இவன் பேசிக்கொண்டிருப்பான். அண்ணன் இறந்த பிறகு, அண்ணி நடத்தும் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்தான். அவன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, வழக்கோடு வருகிறவர்களும் காவல் நிலையத்தில் இருப்பவர்களும்கூட அவரை அண்ணி என்றே அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கணக்குகளைப் பிடித்துப் பிடித்து நரைத்த தலை அண்ணிக்கு. அதிகம் பேசமாட்டார். பேச வேண்டியதை எல்லாம் கொழுந்தன் பேசிவிடுவதால் தேவையும் இருக்கவில்லை.

"இந்தப் படத்தை எப்படிப் போடுறீங்க?" என்று கேட்டார் அண்ணி.

இயக்குநர் கை காட்ட, கணினி முன்னால் உட்கார்ந்திருந்தவர் பதில் சொன்னார். மெலிந்த மனிதர். சில நாட்களாகத் தூங்காத கண்கள்.

"கடலைச் சின்னச் சின்னக் கட்டமா பிரிச்சுக்குவோம் மேடம். ஒவ்வொரு கட்டத்துலயும் காத்து எப்படி, நீரோட்டம் எந்தப் பக்கம், அலை ஏறுதா இறங்குதான்னு கொடுப்போம். உலையிலேர்ந்து சீசியம்ங்கிற கதிர்வீச்சுப் பொருள் எவ்வளவு தண்ணியில கலந்துதுன்னும் கொடுப்போம். ஒரு கட்டத்துலேர்ந்து அடுத்த கட்டத்துக்கு எவ்வளவு போகும், எவ்வளவு மண்ணுல படியும்னு கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக்கிட்டே போகும்."

"எந்தக் கட்டத்துல யார் மாட்டுவாங்கன்னு தெரிஞ்சுடும். நல்ல தாயக்கட்டை" என்றான் ரேடியோ. யாரும் சிரிக்கவில்லை.

சிரிக்கும் நிலையில் அந்த அறையில் யாரும் இல்லை. இந்தக் கணக்கை உருவாக்கிய தலைமை விஞ்ஞானியின் நாற்காலி ஓரமாகக் காலியாகக் கிடந்தது. படகில் ஏறினாலே வாந்தி எடுப்பவர், நீச்சல் தெரியாதவர், கடலைத் திரையில் மட்டுமே பார்ப்பவர் என்பதால் நிலையத்தில் அவருக்கு வைத்த பட்டப்பெயர் மாலுமி. உலையில் விபத்து நடந்து சில மாதங்கள் கழித்து ஒருநாள் மாலை அவர் காணாமல் போனார். துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரில் அவர் ஸ்கூட்டர் நின்றது. பக்கத்தில் ஹெல்மெட் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. சில நாள் கழித்து உடல் வளைகுடாக் கரையில் ஒதுங்கியது. வேலைச் சுமை தாங்காமல் குதித்துவிட்டார் என்று போலீஸ் முடித்துவிட்டது.

முடிக்க விடாதவள் அவர் தங்கை. வளைகுடாவில் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பவள். அண்ணியிடம் வந்து ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாள். "எங்க அண்ணனுக்கு முழங்கால் தண்ணின்னாலே நடுக்கம். சாகணும்னு நினைச்சாக்கூட கடலுக்குப் போயிருக்க மாட்டார்."

கணினி முன்னால் இருந்த மெலிந்த மனிதர் அவள் கணவர். தலைமை விஞ்ஞானியின் தங்கையைக் கட்டியவர் என்பதால் நிலையத்தில் எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளை. மச்சானுக்கு அடுத்த இடத்தில் வேலை. காணாமல் போன மச்சானைத் தேடிக் கடற்கரையில் அலைந்து, உடலைக் கண்டெடுத்ததும் அவர்தான். அந்தப் பாசத்தைப் பற்றி நிலையமே உருகிப் பேசியது.

"இந்த வண்டி ரிவர்ஸ்ல போகுமா?" என்றார் அண்ணி திடீரென்று.

"புரியல மேடம்."

"இங்க கொட்டினா அங்க போகும்னு சொல்லுது. அங்க வந்து சேர்ந்த பொருள் எங்கேர்ந்து கிளம்பிச்சுன்னு சொல்லுமா?"

மாப்பிள்ளையின் விரல்கள் விசைப்பலகை மேல் நின்றன. "சொல்லும். ஆனா அவ்வளவா நம்ப முடியாது."

"பரவாயில்ல. உங்க மச்சான் ஒதுங்கின இடத்துலேர்ந்து பின்னால ஓட்டுங்க."

இயக்குநர் தலையாட்டினார். வளைகுடாக் கரையில் ஒரு கறுப்புப் புள்ளி முளைத்தது. நாட்கள் பின்னோக்கி ஓடின. புள்ளி கரையை விட்டு விலகியது. துறைமுகத்தின் பக்கமே எட்டிப் பார்க்காமல் நேராக நடுக்கடலுக்குப் போய் நின்றது.

"அப்போ ஏதோ படகுலேர்ந்து விழுந்திருக்கணும்" என்றார் இயக்குநர்.

"படகைப் பார்த்தாலே வாந்தி எடுக்கிறவரு, விபத்துக்கு அப்புறம் படகே போகக்கூடாதுன்னு தடை போட்ட நடுக்கடலுக்குப் போய், தவறி விழுந்து, ஸ்கூட்டர் மட்டும் தானா துறைமுகத்துல போய் நின்னுச்சு. நல்லா இருக்கு சார். நான் சொல்ற கதையெல்லாம் இவ்வளவு கோர்வையா வராது" என்றான் ரேடியோ.

அண்ணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வளைகுடாத் தண்ணியை எடுத்துச் சோதிச்சீங்களா?"

"எதுக்கு? அங்கதான் நீலமா இருக்கே" என்றார் இயக்குநர். "எங்ககிட்ட இருக்கிறது ஒரே படகு. படத்துல எங்க சிவப்போ அங்கதான் அனுப்புவோம்."

"அதாவது, படம் கைகாட்டின இடத்துல மட்டும் தேடியிருக்கீங்க."

இயக்குநருக்கு அது பாராட்டா குத்தலா என்று புரியவில்லை. பாராட்டாகவே எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

காரில் ஏறியதும் ரேடியோ ஆரம்பித்தான். "அண்ணி, என் பேரு ரேடியோ. ரேடியோ ஆக்டிவ்னு பயந்து கிடக்கிற இந்த ஊர்ல இனிமே அந்தப் பேரை வச்சுக்கிட்டு நடமாடவே பயமா இருக்கு."

"ஸ்கூட்டர் ஒண்ணு சொல்லுது, படம் ஒண்ணு சொல்லுது" என்றார் அண்ணி. "ரெண்டுல ஒண்ணு பொய்."

"ஸ்கூட்டரை எவன் வேணும்னாலும் தள்ளிக்கிட்டு வந்து நிறுத்தலாம். எங்கேயோ கொன்னு போட்டுட்டு, வண்டியைத் துறைமுகத்துல விட்டுட்டாங்க. நான் சொல்றேன், எழுதி வச்சுக்குங்க."

"நீ சொன்னதையெல்லாம் எழுதணும்னா எனக்கு இன்னொரு ஆயுசு வேணும். யார் பொய் சொல்றாங்கன்னு கடலையே கேட்டுடலாம். பழ மார்க்கெட்டுக்குப் போ."

மார்க்கெட்டில் தூக்கி எறிய வைத்திருந்த ஆரஞ்சுப் பழங்களை ஒரு மூட்டை கட்டிக்கொண்டான் ரேடியோ. ஒவ்வொன்றின் தோலிலும் அழியாத மையால் ஒரு கறுப்புக் கோடு போடச் சொன்னார் அண்ணி. ஏன் ஆரஞ்சு என்று அவன் கேட்டான்.

"முக்கால்வாசி தண்ணிக்குள்ளயே முங்கி மிதக்கும். பார்த்தா கண்ணுல படும். அழுகினா கடலுக்குக் கெடுதல் இல்ல."

அலைதடுப்புச் சுவரின் நுனியில் நின்று, ஸ்கூட்டர் இருந்த அதே இடத்திலிருந்து, பழங்களைக் கடலில் கொட்டினார்கள். கரையிலிருந்து கடலை நோக்கிப் பலமாகக் காற்று அடித்தது. ரேடியோவின் தொப்பி தலையை விட்டுக் கிளம்பி, அலைகளுக்கு மேல் பறந்து காணாமல் போனது.

"புதுத் தொப்பி அண்ணி!"

"நல்லதுதான். காத்து எந்தப் பக்கம்னு சாட்சி கிடைச்சுது. இந்தக் காத்துக்குப் பழமெல்லாம் நடுக்கடலுக்குப் போகணும். போச்சுன்னா படம் நிஜம். நாம வேற இடம் தேடலாம்."

சுவரின் ஓரத்தில் பச்சையாகப் பாசி படர்ந்திருந்தது. கொஞ்ச தூரத்தில் ஒரு கம்பத்தில் உயிர்காக்கும் வளையம் கயிற்றோடு தொங்கியது. அண்ணி அந்தக் கம்பம்வரை நடந்து போய், கையை நீட்டி வளையத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

மறுநாள் காலை வளைகுடாவில் நீச்சல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நீச்சல் டீச்சர் இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஒரு சிறுமியின் வயிற்றைக் கையில் தாங்கி, "காலை அடி, காலை அடி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் பிள்ளைகள் கூச்சலும் கும்மாளமுமாக முங்கி எழுந்தார்கள். சிலர் வாயில் தண்ணீரை நிரப்பி ஒருவர் மேல் ஒருவர் பீய்ச்சிக்கொண்டார்கள்.

மணலில் ஆரஞ்சுகள் கிடந்தன.

ஒன்றிரண்டு இல்லை. கடல் வேலை மெனக்கெட்டுக் கூடையோடு கொண்டுவந்து கவிழ்த்தது போல, அலை ஓரம் முழுவதும். நடுக்கடலை நோக்கிக் காற்று அடித்தும், காற்றை எதிர்த்துக்கொண்டு, துறைமுகத்திலிருந்து நேராக இங்கே வந்திருந்தன. ரேடியோ ஒன்றை எடுத்துப் புரட்டினான். கறுப்புக் கோடு.

"அப்போ ஸ்கூட்டர் நிஜம்" என்றான். "அவர் விழுந்தது துறைமுகத்துலதான். நேத்து நான் சொன்னதை எழுதாம விட்டீங்களே, பெரிய உபகாரம்."

"துறைமுகத்துலேர்ந்து ஆரஞ்சு வருதுன்னா," என்றார் அண்ணி, "அதுக்குக் கொஞ்சம் வடக்கே, உலையிலேர்ந்து என்ன வரும்?"

ரேடியோ கடலில் ஆடும் பிள்ளைகளைப் பார்த்தான். பக்கத்தில் ஒரு பொடியன் கடலிலிருந்து எடுத்த ஆரஞ்சைப் பல்லால் கடித்து உரிக்கப் போவதைக் கண்டதும் பாய்ந்து அதைப் பிடுங்கினான். பொடியன் வீறிட்டு அழுதான்.

கரையில் ஒரு சின்னப் பெண் துண்டு போர்த்திக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். முகம் அப்படியே டீச்சரை உரித்து வைத்திருந்தது. அண்ணி அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார்.

"நீ குளிக்கலையாம்மா?"

"அப்பா கூடாதுன்னுட்டார். காதுல சீழ் வருமாம்."

"டாக்டர் சொன்னாரா?"

"டாக்டர்கிட்ட போகவே இல்ல. எனக்குக் காது வலிக்கவும் இல்ல." சிறுமி ஏக்கத்தோடு கடலைப் பார்த்தாள். "அந்த உலை வெடிச்சப்போ பள்ளிக்கூடம் லீவு விட்டாங்கல்ல? அதுக்கப்புறம் என்னை விடவே இல்ல. வீட்டுக்குள்ள கடல் மண்ணே வரக்கூடாதுன்னு அம்மாவோட துணியெல்லாம் அப்பாவே தனியா துவைக்கிறார்."

அண்ணி எழுந்தார். அவர் குரல் உயர்ந்து ரேடியோ கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டான்.

"டீச்சர்! எல்லாரையும் மேல கூப்பிடுங்க! உடனே! காரணம் அப்புறம் சொல்றேன்!"

பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்கள். குழாயடியில் நல்ல தண்ணீரில் குளிக்கச் சொல்லி ரேடியோவோடு அனுப்பிவிட்டு, ஈரத்தோடு நின்ற டீச்சரிடம் அண்ணி திரும்பினார்.

"உங்க அண்ணனைக் காணோம்னதும் கடலோரக் காவல் படகு எங்க தேடிச்சு?"

"நடுக்கடல்ல. துறைமுகத்துல விழுந்தா அங்கதான் போகும்னு நிலையத்துப் படம் சொல்லிச்சாம்."

"நிலையத்துல மத்தவங்க?"

"அவங்களும் அந்தப் படகுலயேதான் போனாங்க."

"உங்க வீட்டுக்காரர்?"

"அவர் இங்கதான். தினமும் விடியறதுக்குள்ள வண்டியை எடுத்துக்கிட்டு இங்க வந்துடுவார். எங்க வீடு ஊருக்கு அந்தக் கோடியில. இருந்தாலும் தினமும் இங்கேயேதான்..."

அவள் நிறுத்தினாள். மணலில் கிடந்த ஆரஞ்சுகளைப் பார்த்தாள். பிறகு வடக்கே, துறைமுகச் சுவர் தெரிந்த திசையைப் பார்த்தாள்.

"அண்ணன் இங்கதான் ஒதுங்குவார்னு அவருக்கு எப்படித் தெரியும்?" என்றாள் டீச்சர். யாரிடமும் கேட்கவில்லை.

குனிந்து ஒரு ஆரஞ்சைக் கையில் எடுத்தாள். "வேலையை விட்டுடு, விட்டுடுன்னு தினமும் சண்டை போடுவார். என் மேல அக்கறைன்னு நினைச்சேன்" என்றாள்.

"அக்கறைதான்" என்றார் அண்ணி. "அது உங்க வீட்டு வாசல் தாண்டல. அவ்வளவுதான்."

மகளை அழைத்துப் போக மதியம் மாப்பிள்ளை வந்தார். பிள்ளைகள் இல்லாமல் கடல் காலியாக இருந்ததைப் பார்த்தார். மனைவி கையில் இருந்த ஆரஞ்சைப் பார்த்தார். ஓட முயலவில்லை. மணலில் உட்கார்ந்துவிட்டார். ஏற்கெனவே தகவல் போயிருந்ததால், சாதாரண உடையில் வந்த இன்ஸ்பெக்டர் கொஞ்சம் தள்ளி ஒரு பெட்டிக்கடையின் நிழலில் நின்றிருந்தார். சிறுமியை ரேடியோ கார் பக்கம் கூட்டிப் போய்விட்டான்.

"கரையோர நீரோட்டம் ஒண்ணு இருக்கு" என்றார் மாப்பிள்ளை. "வடக்கேயிருந்து தெற்கே, கரையை ஒட்டியே ஓடும். அதைக் கணக்குலேர்ந்து எடுத்தேன். அது ஒண்ணுதான் செஞ்சேன்."

"யார் சொல்லி?"

"யாரும் வாயைத் திறந்து சொல்லல. வளைகுடாவைக் காலி பண்ண வேண்டியிருக்குமோன்னு மேலேயிருந்து இயக்குநரைக் கேட்டாங்க. அவர் என்னைக் கேட்டார். கேட்ட விதத்துலயே என்ன பதில் வேணும்னு தெரிஞ்சுது. மச்சான் அப்போ வெளியூர்ல, உலை ஆளுங்களோட கூட்டத்துல இருந்தார். நல்ல சேதி ஒண்ணு குடுத்தேன். அதுக்கப்புறம் அதைத் திரும்ப வாங்க முடியல."

"உங்க மச்சான் கண்டுபிடிச்சுட்டார்."

"சுவர்கிட்ட வரச் சொன்னார். தண்ணின்னாலே பயம் அவருக்கு. ஆனாலும் நுனி வரைக்கும் வந்து, ஒரு மரத்துண்டைப் போட்டு, எந்தப் பக்கம் போகுது பாருன்னார். நாளைக்குள்ள நீயே சொல்லிடு மாப்பிள்ளை, தங்கச்சி அந்தத் தண்ணியிலதான் நிக்கிறான்னார். நான் சட்டையைப் பிடிச்சேன். கெஞ்சத்தான் பிடிச்சேன். உதறினார். பாசி வழுக்கிடுச்சு."

இன்ஸ்பெக்டர் நெருங்கி வந்திருந்தார்.

"வளையம் பக்கத்துலயே தொங்கிச்சே" என்றார் அண்ணி.

மாப்பிள்ளை வடக்கே, சுவர் இருந்த பக்கம் திரும்பினார்.

"ஹெல்மெட்டை எடுத்து ஒழுங்கா வைக்க நேரம் இருந்துது" என்றார் அண்ணி.

அப்போதுதான் டீச்சர் வாயைத் திறந்தாள். குரலில் அழுகை இல்லை.

"உங்களுக்கு நீச்சல் கத்துக்குடுத்தது நான்."

மாப்பிள்ளை முகத்தை மூடிக்கொண்டார்.

"முங்குறவனை எப்படிப் பிடிக்கணும், எப்படி இழுக்கணும், எல்லாம் கத்துக்குடுத்தேன். இதே இடத்துல. கல்யாணமான புதுசுல."

"தினமும் இங்க எதுக்கு வந்தீங்க?" என்றார் அண்ணி. "இங்க ஒதுங்கினா படம் பொய்யின்னு தெரிஞ்சுடும். அதனாலயா?"

"எடுத்து வேற எங்கேயாவது போட்டுடணும்னுதான் வந்தேன்." விரல்களுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது. "பார்த்ததும் முடியல. போலீஸுக்கு போன் பண்ணிட்டேன்."

இன்ஸ்பெக்டர் அவர் தோளைத் தொட்டார். வழக்கமாக இத்தோடு அண்ணியின் வேலை முடிந்துவிடும். இந்த முறை முடியவில்லை.

இன்னும் எந்தெந்தக் கரையில் விஷம் படிந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இயக்குநரைக் கேட்டால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு அந்தக் கணக்கெல்லாம் ஓட்டத் தெரியாதுங்க" என்றார். உருவாக்கியவர் செத்துவிட்டார். அதை ஓட்டத் தெரிந்த இன்னொரு ஆள் கைவிலங்கோடு ஜீப்பில் உட்கார்ந்திருந்தார்.

எனவே சாயங்காலம் அவரை மறுபடி அதே அறைக்கு அழைத்துவந்தார்கள். விலங்கைக் கழற்றி, கணினி முன்னால் உட்கார வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு பக்கம், அண்ணி ஒரு பக்கம். வரக்கூடாது என்று சொன்னதையும் மீறி டீச்சர் பின்னால் வந்து நின்றாள்.

எடுத்த நீரோட்டத்தை மாப்பிள்ளை திரும்பச் சேர்த்தார். கணக்கு ஓடியது.

சிவப்பு இந்த முறை நடுக்கடலுக்குப் போகவில்லை. கரையைப் பிடித்துக்கொண்டு தெற்கே இறங்கியது. துறைமுகத்தைக் கடந்தது. வளைகுடாவுக்குள் நுழைந்து, வெளியேற வழி தெரியாதது போல அங்கேயே சுற்றிச் சுற்றி அடர்ந்தது. அதோடு நிற்கவில்லை. வளைகுடாவைத் தாண்டி, பிரிந்த நூல் போல மெல்லியதாக, இன்னும் சில மீன்பிடிக் குப்பங்களைத் தொட்டுக்கொண்டே போனது. யாரும் அதுவரை நினைத்துப் பார்க்காத குப்பங்கள். இன்ஸ்பெக்டர் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார்.

"பிள்ளைங்களை எங்க நிக்க வச்சேனோ, அந்த இடத்தைக் காட்டுங்க" என்றாள் டீச்சர்.

மாப்பிள்ளை அந்தக் கட்டத்தைப் பெரிதாக்கினார். திரை முழுவதும் ஒரே நிறமாக ஆனது.

"எப்போலேர்ந்து?"

அவர் நாட்களைப் பின்னால் நகர்த்தினார். நகர்த்திக்கொண்டே போனார். விபத்து நடந்து சில நாட்களிலேயே அந்தக் கட்டம் நிறம் மாறியிருந்தது.

"அந்த வாரம்தான் சின்னப் பிள்ளைங்க வகுப்பு ஆரம்பிச்சேன்" என்றாள் டீச்சர். "லீவுல வீட்டுல சும்மா இருக்காங்கன்னு அவங்க அம்மாங்க வந்து கேட்டாங்க."

"பயப்படுற அளவு இருக்காது. தினமும் கொஞ்ச நேரம்தானே..." என்று ஆரம்பித்தார் மாப்பிள்ளை.

"எடுத்து அளந்து பார்த்தீங்களா?" என்றார் அண்ணி.

டீச்சர் கணவரை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தாள்.

பெற்றோர்களுக்கு அரசாங்கமே தகவல் சொல்லும், நீங்கள் போக வேண்டியதில்லை என்று இன்ஸ்பெக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. ரேடியோ காரை எடுத்தான். வழி நெடுக அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணி அதைக் கவனித்தார். அண்ணன் இறந்த நாளில்கூட அவன் இப்படி இருந்ததில்லை.

முதல் வீட்டின் அழைப்பு மணியை டீச்சரே அழுத்தினாள். கதவைத் திறந்த பெண்ணின் கையில் துண்டு இருந்தது. உள்ளே தலை ஈரமாக ஒரு பிள்ளை துள்ளிக்கொண்டிருந்தது.

"வாங்க டீச்சர்!" அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "பாதியில ஏறச் சொல்லிட்டீங்களாமே, வந்ததுலேர்ந்து ஒரே புலம்பல். நாளைக்கு வகுப்பு உண்டுல்ல?"

டீச்சர் செருப்பைக் கழற்றினாள்.

"உள்ள வந்து சொல்றேங்க" என்றாள். "நீங்க கொஞ்சம் உட்காருங்க."